எஞ்சினைத் திறக்க அவசரப்படாதீர்கள்

கேள்வி: அப்பா ஓட்டிய பழைய காரின் எஞ்சினை ஒரு பட்டறையில் முழுவதும் பிரித்துச் சீரமைத்தேன். கிராங்க்‌ஷாஃப்டைக் கிரைண்டிங் செய்தார்கள். அந்தத் தண்டைத் தாங்கும் பேரிங் ஷெல்களை (மெல்லிய அரைவட்டத் தகடுகளை) நான் வாங்கிக் கொடுத்தேன். 200 கிலோமீட்டருக்குள் தடதடவென்று சத்தம் எழுந்து எஞ்சின் நின்றுவிட்டது. கேட்டால் ஏசுகிறார்கள். நானே கழற்றி, பேரிங் இடைவெளியை அளந்து வழக்குப் போடலாமா?

பதில்: அப்பாவின் நினைவும் அவர்கள் ஏசியதும் மனதை அறுக்கும், புரிகிறது. அவற்றை மனுவில் இரண்டு வரிக்கு மேல் எழுதாதீர்கள். வழக்கு நிற்பது ஒரே கேள்வியில்தான்: எஞ்சினைப் பூட்டும் முன் இடைவெளியை அளந்தது யார், அந்த அளவு எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

ஜர்னல் என்பது தண்டில் ஷெல் சுற்றிப் பிடிக்கும் உருளைப் பகுதி; 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஜர்னலுக்கும் ஷெல்லுக்கும் நடுவே சுமார் 0.05 மில்லிமீட்டர் இடைவெளி என்பது பொதுக் கணக்கு. ஷெல் உங்களுடையது என்பதுதான் அவர்களின் முதல் வாதமாக இருக்கும். யார் வாங்கினாலும், பூட்டுகிறவர் அளந்துதான் பூட்ட வேண்டும் என்பது நம் பதில். ரசீதில் பூட்டும் வேலைக்கும் கூலி போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

என் கட்சிக்காரர் ஒருவர் உங்களைப் போலவே அவசரப்பட்டார். ஷெல்களை ஜர்னலோடு சேர்த்துப் பிடிக்கும் மூடிகளான கேப்கள் எல்லாவற்றையும் கழற்றினார், ஷெல்களைத் துணியால் பளிச்சென்று துடைத்தார், நசுங்கிய அகலத்தை வைத்து இடைவெளியைக் கணிக்க உதவும் பிளாஸ்டிகேஜ் இழையை வைத்து நசுக்கிப் படம் எடுத்தார். எதிர்த்தரப்பு மூன்றே கேள்வி கேட்டது. எந்த கேப் எந்த ஜர்னலுக்கு உரியது? போல்ட்டை எவ்வளவு டார்க்கில் (முறுக்கு விசையில்) முறுக்கினீர்கள்? இழை உள்ளே இருக்கும்போது கிராங்க் அசையவில்லை என்பதற்கு என்ன சாட்சி? அசைந்தால் இழை இழுபட்டு அளவே பொய்யாகிவிடும். அவரிடம் பதில் இல்லை. ஆயிலையும் முன்பே வடித்துக் கொட்டியிருந்தார். ஆயில் இல்லாமல் ஓட்டினீர்கள் என்றபோது மறுக்க ஒரு சொட்டும் மிச்சமில்லை.

இன்னொன்று: உருகித் தேய்ந்த பேரிங்கில் பழைய இடைவெளியை யாராலும் அளக்க முடியாது. கெடாமல் இருக்கும் மற்ற பேரிங்குகள்தான் உங்கள் சாட்சி. அவற்றைத் தொட்டுவிட்டால் வழக்கைத் தொலைத்துவிட்டீர்கள்.

எனவே பட்டறைக்கு எழுத்துமூலம் கடிதம் அனுப்புங்கள். இரு தரப்பும் ஏற்கும் ஒரு நிபுணர் முன்னிலையில் எஞ்சினைத் திறக்க வேண்டும். ஜர்னலை மைக்ரோமீட்டரால் குறுக்கும் நெடுக்குமாக, கேப்பை உரிய டார்க்கில் முறுக்கியபின் போர் கேஜால் ஷெல்லின் உள்விட்டத்தை, இப்படி எல்லாவற்றையும் அளந்து, ஒவ்வொரு அளவிலும் இருவரும் கையெழுத்திட வேண்டும்.

பட்டறை இறங்கி வந்து, கூலியில்லாமல் மறுபடி கிரைண்டிங் செய்து பூட்டித் தருகிறேன், ஷெல் செலவு மட்டும் உன்னுடையது என்றால், கசப்பாக இருந்தாலும் ஒப்புக்கொள்ளுங்கள். நிபுணர் கட்டணமும் வழக்கு இழுக்கும் ஆண்டுகளும் அந்த ஷெல் விலையைப் பலமடங்கு தாண்டிவிடும். ஆனால் இந்த முறை அளவுத்தாளைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

அதுவரை ஆயிலையும் ஃபில்டரையும் அப்படியே விட்டுவையுங்கள். சத்தம் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க ஸ்டார்ட்டரை ஒருமுறைகூடத் திருப்பாதீர்கள்.