விண்டோஸ் 11: ஊரே திட்டுகிறதே, மாறலாமா?

கும்பகோணத்தில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை வைத்திருக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "கடையில் இரண்டு கணினிகள். ஒன்று 2014-இல் வாங்கியது, மற்றது 2020-இல். இரண்டிலும் விண்டோஸ் 10. பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கரும் பாமினி என்ற தமிழ் ஃபாண்ட்டும்தான் எங்கள் பிழைப்பு. விண்டோஸ் 11-க்கு மாறச் சொல்லித் திரையில் அறிவிப்பு வந்துகொண்டே இருக்கிறது. மாறியவர்களோ, ஸ்டார்ட் பட்டன் நடுவில் போய்விட்டது, ரைட் கிளிக் செய்தால் ஒன்றும் கிடைக்கவில்லை, திரையைத் தானாகப் படம் பிடிக்கிறது என்றெல்லாம் திட்டுகிறார்கள். என்ன செய்வது?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2020 கணினியை மாற்றுங்கள், ஆனால் அவசரப்பட வேண்டாம். 2014 கணினியை அப்படியே விட்டுவிட்டு, அதன் இன்டர்நெட்டை மட்டும் துண்டித்துவிடுங்கள்.

புது விண்டோஸ் வந்தால் திட்டு விழுவது புதிதல்ல. 2007-இல் விஸ்டா வந்தபோது, எதைத் தொட்டாலும் "அனுமதிக்கவா?" என்று கேட்டதற்காகத் திட்டினார்கள். 2012-இல் வந்த விண்டோஸ் 8-இல் ஸ்டார்ட் பட்டனையே எடுத்துவிட்டார்கள். அப்போது ஒரு கணக்கர் அலுவலகத்துக்கு நான்தான் அதைப் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துப் போனால், அந்தப் பெரியவர் தினமும் சாயங்காலம் சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஷட் டவுன் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. திரையின் வலது மூலைக்கு மவுஸைக் கொண்டுபோய், அங்கே வரும் பட்டையில் செட்டிங்ஸ், அதற்குள் பவர் என்று போக வேண்டும். யாருக்குத் தோன்றும்? அடுத்த ஆண்டே 8.1 என்று ஒன்று வெளியிட்டு, ஸ்டார்ட் பட்டனைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆக, திட்டுகிறவர்கள் எல்லாம் விவரம் தெரியாதவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் திட்டும் விஷயம் வேறு, உங்கள் கடையை நிறுத்தக்கூடிய விஷயம் வேறு.

ஸ்டார்ட் பட்டன் நடுவில் வந்தது கைப்பழக்கம் சம்பந்தப்பட்டது. டாஸ்க்பாரில் ரைட் கிளிக் செய்து, டாஸ்க்பார் செட்டிங்ஸுக்குள் போய், அலைன்மென்ட் என்ற இடத்தில் இடப்பக்கம் என்று மாற்றினால் பழைய இடத்துக்கே வந்துவிடும். ரைட் கிளிக் மெனுவைப் பற்றிய புகார் நியாயமானது. கட், காப்பி, பேஸ்ட் எல்லாவற்றையும் பெயரில்லாத குட்டிப் படங்களாக்கி மேலே வைத்தார்கள். பெயர் சேர்க்க 2024-இல் வந்த பெரிய அப்டேட் வரை ஆனது. பழைய மெனுதான் வேண்டும் என்றால், ஷிப்ட் கீயை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்யுங்கள். இதை நினைவில் வையுங்கள், ஃபாண்ட் விஷயத்திலும் உதவும். திறந்திருக்கும் ஃபைல்களைத் தனித்தனிப் பெயரோடு டாஸ்க்பாரில் காட்டும் வசதியை 2021-இல் எடுத்துவிட்டு, இரண்டு ஆண்டு கழித்து மறுபடி சேர்த்தார்கள். பத்துப் பத்திரிகையை ஒரே நேரத்தில் திறந்து வைக்கும் உங்களைப் போன்றவர்களின் கூச்சலால் கிடைத்தது அது.

திரையைப் படம் பிடிக்கும் 'ரீகால்' உங்களுக்கு வராது. அது 'கோபைலட் பிளஸ்' என்று விற்கப்படும் புதுக் கணினிகளுக்கு மட்டும்தான். செயற்கை நுண்ணறிவுக்கென்று தனிச் சில்லும் 16 ஜிபி நினைவகமும் வேண்டும். 2024 மே மாதம் அறிவித்தபோது கிளம்பிய எதிர்ப்பில் அதைத் தள்ளிவைத்து, நாமாக ஆன் செய்தால்தான் வேலை செய்யும் என்று மாற்றினார்கள்.

சரி, இனி உங்கள் கடைக்கு வருவோம். முதலில் 2020 கணினியில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் என்று போய் 'சிஸ்டம் டைப்' என்ற வரியைப் படியுங்கள். அங்கே 64 பிட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்றிருந்தால் நல்லது. 32 பிட் என்றிருந்தால் கதை மாறுகிறது. பழைய பிரிண்டர் ஓட வேண்டும் என்பதற்காகப் புதுக் கணினியிலும் 32 பிட் விண்டோஸ் போட்டுக் கொடுக்கும் டெக்னீஷியன்கள் நம்மூரில் உண்டு. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. அதனால் இருப்பதன் மேலேயே அப்கிரேட் செய்ய முடியாது, மென்பொருள்கள், ஃபாண்ட்கள் எல்லாவற்றையும் புதிதாகப் போட வேண்டியிருக்கும். 32 பிட் டிரைவர் (பிரிண்டர் போன்றவற்றைக் கணினியோடு பேச வைக்கும் மென்பொருள்) 64 பிட்டில் வேலை செய்யாது; பழைய லேசர் பிரிண்டருக்கும், மென்பொருளைத் திறக்க யூஎஸ்பியில் செருகும் டாங்கிளுக்கும் 64 பிட் டிரைவர் இருக்கிறதா என்று தயாரித்தவர்களின் தளத்தில் பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். கிடைக்கவில்லையா, அந்தப் பிரிண்டரை 2014 கணினிக்கே கொடுத்துவிடுங்கள்.

பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பான 7.0 வந்தது 2001-இல். அது 32 பிட் மென்பொருள். டிரைவர்தான் 64 பிட்டாக இருக்க வேண்டும். சாதாரண 32 பிட் மென்பொருளை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளும். அடம் பிடித்தால் 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துப் பாருங்கள்.

ஃபாண்ட்தான் உண்மையான கண்டம். பாமினி, எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட் முறை ஃபாண்ட் அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்திருக்கும் ஃபாண்ட். அது இல்லாத கணினியில் உங்கள் பத்திரிகையைத் திறந்தால், மணமகன் பெயர் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகச் சிதறிக் கிடக்கும் (பாமினியில் மெய்யெழுத்துப் புள்ளிக்கு அரைப்புள்ளிக் கீதானே). எனவே விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரை முழுசாகப் பென்டிரைவில் எடுத்து வையுங்கள். அது மட்டும் போதாது. விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளில் ஒருவர் பெயரில் மட்டும் போட்ட ஃபாண்ட்கள் அந்தப் பயனரின் மறைந்த ஃபோல்டரில் போய் உட்காரும். திரும்பப் போடும்போது ஷிப்ட்டோடு ரைட் கிளிக் செய்து 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்' கொடுங்கள். சாதாரணமாகப் போட்டால் சில பழைய மென்பொருள்களின் கண்ணுக்கு அந்த ஃபாண்ட் தெரியாது. விண்டோஸின் பழைய தமிழ் ஃபாண்ட்டான லதாவைக் காணோம் என்று பதற வேண்டாம். செட்டிங்ஸில் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' என்ற இடத்தில் தமிழ்ச் சப்ளிமென்டல் ஃபாண்ட்ஸ் என்று தேடிச் சேர்த்துக்கொள்ளலாம்.

புதிதாக விண்டோஸ் போடும்போது மைக்ரோசாப்ட் கணக்கு கேட்கும். உள்ளே போனதும் ஒன்டிரைவ் என்ற மைக்ரோசாப்டின் இணையச் சேமிப்பு உங்கள் டெஸ்க்டாப்பை மேகத்துக்கு அனுப்பத் தொடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இலவசமாகத் தருவது 5 ஜிபி. இரண்டு கல்யாண ஆல்பம் போட்டாலே நிரம்பி, "இடம் இல்லை" என்று நச்சரிக்கும். அதன் செட்டிங்ஸில் பேக்கப்பை நிறுத்திவிடலாம்.

கணினி தகுதியானதா என்று 'பிசி ஹெல்த் செக்' என்ற மைக்ரோசாப்டின் இலவச மென்பொருள் சொல்லிவிடும். விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லான டிபிஎம் 2.0 இல்லை என்று காட்டினால் உடனே மதர்போர்டை மாற்ற ஓடாதீர்கள். அசெம்பிள் செய்த பல கணினிகளில் அது பயாஸில் (கணினியை ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அணைந்து கிடக்கும். டெக்னீஷியனிடம் சொன்னால் ஐந்து நிமிட வேலை. அங்கேயே இருக்கும் செக்யூர் பூட் (நம்பகமில்லாத மென்பொருளோடு கணினி தொடங்காமல் தடுக்கும் வசதி) மட்டும் கவனம்: ஹார்டு டிஸ்க்கைப் பிரித்து வைத்திருப்பது எம்பிஆர் என்ற பழைய முறையில் என்றால், முதலில் அதை ஜிபிடி என்ற புது முறைக்கு மாற்ற வேண்டும். மாற்றாமல் பயாஸில் கை வைத்தால் கணினி பூட் ஆகாது.

2014 கணினி இந்தத் தகுதிக்குள் வராது. இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கிறார்கள். குறுக்குவழியில் விண்டோஸ் 11 போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், கடைக் கணினிக்கு வேண்டாம். அப்படிப் போட்டதற்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாப்ட் உத்தரவாதம் தருவதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை சிங்க் செய்பவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டைக் கட்டணமில்லாமல் நீட்டித்தார்கள். ஆனால் டைப்செட்டிங் மட்டும் செய்யும் கணினிக்கு இன்டர்நெட் எதற்கு? வாட்ஸ்அப்பில் வரும் மேட்டரைப் புதுக் கணினியில் வாங்கி, பென்டிரைவில் வைரஸ் சோதித்துக் கொண்டுபோங்கள்.

எப்போது மாற்றலாம்? ஆடி பிறந்த முதல் வாரம். பாதி ஆடி தாண்டினால் ஆவணி முகூர்த்தத்துக்கான பத்திரிகைகள் வந்து குவிந்துவிடும், மார்கழியும் தை வேலையில் போய்விடும். இருப்பதன் மேலேயே அப்கிரேட் செய்தால், பிடிக்காதபோது பழையதற்குத் திரும்ப 10 நாள் அவகாசம் உண்டு: செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி, 'கோ பேக்'. இடம் போதவில்லை என்று 'விண்டோஸ் ஓல்ட்' ஃபோல்டரை அதற்குள் அழித்துவிட்டால் திரும்ப முடியாது. அந்த 10 நாளில் டாஸ்க்பாரை ரசித்துக்கொண்டிருக்காமல், போன வருஷத்துப் பத்திரிகை ஐந்தைத் திறந்து பிரிண்ட் கொடுத்துப் பாருங்கள். ஒரு எழுத்தாவது பிசகினால் திரும்பிவிடுங்கள்.