கோடி ரூபாய் வண்டியும் டில்லித் தூசியும்

தம்பி, கோயம்புத்தூரிலிருந்து நொய்டா வந்து மூன்று மாதம் ஆகிறது, 2018 லெக்ஸஸ் ஆர்எக்ஸ் 450எச் கார் ஒன்று (பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட்), 70,000 கிலோமீட்டர் ஓடியது, டில்லி கரோல் பாக்கில் பாதி விலைக்கும் கீழே கிடைக்கிறது, ஹைப்ரிட் பேட்டரி போனால் என்ன கதி என்று கேட்டிருக்கிறீங்க. நான் இங்கே வந்து 22 வருஷம். இப்போது ஓட்டுவதும் ஒரு செகண்ட்ஹேண்ட் ஹைப்ரிட்தான். கம்பெனி பெயர் வேண்டாம்.

அந்தப் பெரிய பேட்டரிக்குத்தான் எல்லோரும் பயப்படுவாங்க. ஆர்எக்ஸில் இருப்பது நிக்கல் வகை, 288 வோல்ட், பின் சீட்டுக்கு அடியில். முழுக்கத் தீரவும் விடாது, முழுக்க ஏறவும் விடாது. நடுவாந்தரத்திலேயே வைத்து ஓட்டுவதால் ஆயுசு கெட்டி. இந்த ஊரில் அதைக் கொல்வது கிலோமீட்டர் இல்லை, தூசி. வண்டிக்குள் இருக்கும் ஏசி காற்றை ஒரு சின்ன விசிறி இழுத்துத்தான் பேட்டரியைக் குளிர்விக்கிறது. காற்று போகிற வாய் அடைத்தால், மே மாச வெயிலில் உள்ளே வெந்துவிடும். என் வண்டியில் அந்த மூடியைக் கழற்றிப் பார்த்தேன்: விரல் கனத்துக்குச் சாம்பல் நிறப் பஞ்சு, அதில் ஒட்டிக்கொண்டு காய்ந்த மல்லிகைப்பூ இரண்டு, முறுக்குத் துண்டு ஒன்று. மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போய்வந்த ஞாயிறுகளின் மிச்சம். கடைக்காரர் 'சிங்கிள் ஓனர், டாக்டர் காடி' என்பார். டில்லியில் விற்பனைக்கு வரும் வண்டி எல்லாமே டாக்டர் வண்டிதான். அதைக் கேட்காமல், டார்ச் அடித்து அந்த வாயைப் பாருங்க.

காலை வாருவது இன்னொன்று, சின்ன 12 வோல்ட் பேட்டரி. ஹைப்ரிட்டில் கம்ப்யூட்டரை எழுப்புவது அதுதான். கல்யாணத்துக்காக ஐந்து வாரம் ஊருக்குப் போய்த் திரும்பினால், மயூர் விஹாரில் நின்ற வண்டி கதவுகூடத் திறக்கவில்லை. வந்த மெக்கானிக் பார்க்காமலே 'பெரிய பேட்டரி போச்சு, லட்சக்கணக்கில் ஆகும்' என்றார். சின்னதை மாற்றினேன், ஓடியது.

நிஜமாகக் காசைக் கரைப்பது பிரேக். அதன் பிரஷர் பம்ப் யூனிட் போனால் பில்லைப் பார்த்து உட்கார்ந்துவிடுவீங்க. 'ரெடி' விளக்கு எரியும்போது வண்டியை நிறுத்தி, பெடலைத் தொடாமல் காதைக் கொடுங்க. பம்ப் அடிக்கடி தானாக முனகினால் விட்டுவிடுங்க. 3.5 லிட்டர் வி6 இன்ஜினில் வாட்டர் பம்ப் பக்கம் இளஞ்சிவப்புப் பொருக்கு தெரிந்தால் கூலண்ட் கசிகிறது. அது பேரம் பேசக் கிடைத்த பிடி, அவ்வளவுதான்.

டில்லிக்கே உரிய பயம் வெள்ளம். 2023 ஜூலையில் யமுனை 208.66 மீட்டர் தொட்டது. சிவில் லைன்ஸ், ஐடிஓ பக்கமெல்லாம் தண்ணீர். சீட்டுக்கு அடியில் மின்சாரம் இருக்கிற வண்டி நனைந்திருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். கார்பெட்டைத் தூக்கி, சீட் ரெயில் போல்ட்டில் துரு இருக்கிறதா பாருங்க. அந்த வருஷ இன்சூரன்ஸ் கிளெய்மையும் கேளுங்க.

டீசல் எடுக்காதது நல்லது. டில்லியும் சுற்றுப்புறமும் சேர்ந்த என்சிஆரில் டீசல் வண்டி 10 வருஷம், பெட்ரோல் வண்டி 15 வருஷம்தான் ஓடலாம் என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டே உறுதி செய்தது; 2025-ல் அதை ஓரளவு தளர்த்தியது. ஹைப்ரிட் பெட்ரோல் கணக்கு. ஆனால் ஊருக்கே கொண்டுபோவதானால் என்ஓசி என்கிற தடையின்மைச் சான்று, அங்கே மறுபடி வரி என்று தனிச் செலவு உண்டு.

சனிக்கிழமை பார்க்கப் போறீங்கன்னா எனக்குச் சொல்லுங்க, வரேன். முந்தின ராத்திரியிலிருந்து வண்டியை யாரும் ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று கடைக்காரரிடம் சொல்லி வையுங்க. போனதும் பானெட்டைத் தொட்டுப் பார்ப்போம். சூடாக இருந்தால், குறை தெரியாமல் இருக்க முன்னாடியே ஓட விட்டிருக்கலாம்; அப்படியே திரும்பிவிடலாம்.