நெஞ்சுக்குழியில் தட்டுப்படுவது கட்டியா, எலும்பா?

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அப்பச்சிக்கு 58 வயது. சர்க்கரைக்காக தினமும் நடந்து, சோற்றைக் குறைத்து 11 கிலோ இறங்கிவிட்டார். இப்போது நெஞ்சுக்குழியில் கல் மாதிரி ஒன்று கையில் தட்டுப்படுகிறது. ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ப்ராமினென்ட் ஸைஃபாய்டு ப்ராசஸ்' என்று இருக்கிறது. உள்ளே ஏதோ ப்ராசஸ் ஓடுகிறதாம், உடனே மதுரைக்குப் போய் சதை எடுத்துப் பார்க்கணுமாம், தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார்."

பயப்படாதீர்கள் அம்மா, அது நோயின் பெயரே இல்லை, எலும்பின் பெயர். டைபாய்டுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கிரேக்கத்தில் 'ஸைஃபோஸ்' என்றால் இருபுறமும் கூரான குட்டை வாள், குன்றக்குடி முருகன் கையில் இருக்கும் வேலின் இலையைக் கொஞ்சம் நீட்டினால் எப்படி இருக்குமோ அப்படி. 'ஆய்டு' என்றால் 'போன்ற'. நெஞ்செலும்பின் அடியில் வாள்நுனி போலத் தொங்கும் துண்டு, அவ்வளவுதான். 'ப்ராசஸ்' லத்தீன் சொல்; எலும்பில் அதற்கு 'முன்னால் நீண்டிருப்பது' என்று பொருள், எதுவும் 'நடப்பது' இல்லை. ப்ராமினென்ட் என்றால் எடுப்பாகத் தெரிகிறது.

சின்ன வயதில் இது குருத்தெலும்பு. நாற்பதை ஒட்டி எலும்பாக இறுகும். சிலருக்கு நுனி முன்னால் வளைந்திருக்கும், சிலருக்கு இரண்டாகப் பிளந்திருக்கும். அப்பச்சிக்குக் கொழுப்பு கரைந்ததால் எப்போதும் இருந்தது இப்போது கைக்குத் தெரிகிறது.

ஆனால் ஒன்று. அவர் முயன்று எடை குறைத்தார், அதனால்தான் நிம்மதியாகச் சொல்கிறேன். நடக்காமல், சாப்பாட்டைக் குறைக்காமல் ஒருவருக்கு உடம்பு தானாக இளைத்து இந்த எலும்பு தெரிய ஆரம்பித்தால், எலும்பை விட்டுவிட்டு ஏன் இளைத்தார் என்று பார்க்க வேண்டும், அதுவும் உடனே பார்க்க வேண்டும். பசி இருக்கிறதா, விழுங்கச் சிரமமா, சர்க்கரை ஏறிக்கிடக்கிறதா, எல்லாம் கேட்டு டாக்டர் சோதிக்கணும்.

அந்த 'தெரிந்தவர்' விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரிக்கு ஆள் கூட்டிப்போய் கமிஷன் வாங்குகிறவர்களை காரைக்குடி பக்கம் நிறையப் பார்த்துவிட்டேன், ரிப்போர்ட்டில் புரியாத ஒரு சொல் போதும் அவர்களுக்கு. சுளுக்கு எடுக்கிறேன் என்று அந்த இடத்தை அழுத்துகிறவர்களிடமும் போகாதீர்கள், பின்னாலேயே கல்லீரல் இருக்கிறது. ரிப்போர்ட்டை ஆங்கிலத்தில் அடித்து உறையில் போட்டுக் கையில் திணிக்கிறார்களே, 'இது எலும்பும்மா' என்று சொல்ல அரை நிமிஷம் ஆகுமா?

ஸ்கேன் எழுதிக்கொடுத்த டாக்டரிடமே திரும்பப் போங்கள். அவர் கையால் தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும்.