பெண் கருவைக் கலைக்கக் கூடாது என்று போராடும் இடதுசாரிகளே கருக்கலைப்பு உரிமையும் வேண்டும் என்கிறார்களே, இது முரண்பாடு இல்லையா?

இந்தக் கேள்வியை என்னிடம் முதன்முதலில் கேட்டவர் ஓமலூர் பக்கம் ஒரு கிராமத்தில் தறி ஓட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா. 2003-ம் வருஷம் என்று நினைவு. நான் அப்போது சேலத்தில் ஓர் இடதுசாரி மாதர் அமைப்பில் முழுநேர ஊழியர். கையில் ஒரு கட்டு நோட்டீஸ். தறிச் சத்தத்தில் பேச முடியாமல் அவரை வெளியே வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டு, ஸ்கேன் பார்த்துப் பெண் என்றால் கலைப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று படபடவென்று சொல்லி முடித்தேன். அவர் தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சை முந்தானையால் தட்டிவிட்டுக்கொண்டே கேட்டார்:

“ஏங் கண்ணு, ரெண்டு புள்ளை போதும், மூணாவது நின்னா கலைச்சுக்கோன்னு ஆசுபத்திரியில அவங்களேதான் சொல்றாங்க. அது தப்பில்ல. பொட்டைப்புள்ளைன்னு தெரிஞ்சு கலைச்சா மட்டும் கொலைங்கறீங்க. வயித்துல இருக்கறது ரெண்டும் ஒண்ணுதானே?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் விடவும் இல்லை. “எம் பொண்ணுக்கு முப்பது பவுன் கேக்கறாங்க. உங்க சங்கத்துல போடுவீங்களா?” என்றார். அதற்கும் பதில் தெரியவில்லை. நோட்டீஸை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. முதல் கேள்விக்காவது இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. கொள்கையில் முரண்பாடு கிடையாது. ஆனால் முரண்பாடு இருப்பது போலத் தெரியும்படி பேசியவர்கள் நாங்கள்தான். அதற்கான விலையை வேறு பெண்கள் கொடுத்தார்கள். இரண்டையும் சொல்கிறேன்.

முதலில் இந்தப் போராட்டம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 1970-களின் நடுவில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் பனிக்குட நீரை எடுத்துச் சோதிக்கும் முறை வந்தது. கருவில் மரபுக் கோளாறு ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பதற்காக வந்த முறை அது. வந்தவர்களில் பலருக்குக் கோளாறைப் பற்றிய கவலையே இல்லை, ஆணா பெண்ணா என்றுதான் கேட்டார்கள். பெண் என்றால் கலைக்கச் சொன்னார்கள். மாதர் அமைப்புகள் எதிர்த்தன, அரசு மருத்துவமனைகளில் பாலினம் பார்ப்பதற்குத் தடை வந்தது. தனியார் பக்கம் கதவு திறந்தே கிடந்தது. 80-களில் வட இந்தியாவிலும் பம்பாயிலும் வெளிப்படையாகவே விளம்பரம் செய்தார்கள். இப்போது சில நூறு ரூபாய் செலவழித்தால் பிற்பாடு வரதட்சணையில் லட்சக்கணக்கில் மிச்சம் என்கிற தோரணையில். அந்த அம்மாவின் முப்பது பவுன் கணக்கை அப்படியே வியாபாரமாக்கியிருந்தார்கள்.

இதை எதிர்த்துத்தான் 1980-களின் நடுவில் பம்பாயில் ஒரு மன்றம் உருவானது. பாலினம் கண்டறிவதற்கும் முன்கூட்டியே தேர்ந்தெடுப்பதற்கும் எதிரான மன்றம் என்று பெயர். விபூதி படேல், அமர் ஜெசானி, ரவீந்திரா, மனிஷா குப்தே போன்றவர்கள் அதில் இருந்தார்கள். பெண்கள் இயக்கம், மக்கள் அறிவியல் இயக்கம், மக்கள் மருத்துவத்தைப் பற்றிப் பேசிய மருத்துவர்கள், மனித உரிமைக்காரர்கள் என்று பல பக்கத்திலிருந்தும் வந்தவர்கள், பெரும்பாலும் இடதுசாரிச் சிந்தனை உள்ளவர்கள். கிளினிக்குகளின் வாசலில் மறியல் செய்தார்கள். பெண் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு பெற்றோர் ஊர்வலம் போனார்கள்.

அவர்கள் எடுத்த ஒரு முடிவை நான் ரொம்பப் பிந்தித்தான் புரிந்துகொண்டேன். கருக்கலைப்புச் சட்டத்தில் கை வைக்கக் கூடாது என்று தெளிவாக இருந்தார்கள். 1971-ல் வந்த அந்தச் சட்டத்தால்தான் பெண்கள் குச்சியும் எருக்கம்பாலும் வைத்துச் செத்துக்கொண்டிருந்த நிலைமை கொஞ்சமாவது மாற வழி பிறந்தது. அதைச் சுருக்கினால் பெண் கருவைக் கலைப்பவர்கள் காசு கொடுத்து எங்காவது கலைத்துக்கொள்வார்கள். வழியில்லாத பெண் பழையபடி எருக்கம்பாலுக்குத்தான் போவாள். ஆகவே பரிசோதனையைப் பிடிப்போம், அதை விற்கும் மருத்துவரைப் பிடிப்போம், பெண்ணைத் தொட வேண்டாம் என்றார்கள். 1988-ல் மகாராஷ்டிரத்தில் வந்த சட்டமும் 1994-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும் இந்தப் போராட்டத்தின் பலன்கள். 1994 சட்டத்தில் கருக்கலைப்பைத் தடை செய்யும் வரியே கிடையாது. கருவின் பாலினத்தைப் பார்த்துச் சொல்வதுதான் குற்றம். கர்ப்பிணியைக் கணவரும் உறவினர்களும் கட்டாயப்படுத்தித்தான் கூட்டிவந்தார்கள் என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ள வேண்டும் என ஒரு பிரிவே இருக்கிறது.

சட்டம் வந்தும் ரொம்ப நாள் காகிதத்தில்தான் இருந்தது. 2000-ல் மும்பையின் செஹத், புனேயின் மாசூம் ஆகிய அமைப்புகளும் ஆய்வாளர் சாபு ஜார்ஜும் சேர்ந்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்ட பிறகுதான் மாநில அரசுகள் அசைந்தன. 2003-ல் சட்டம் திருத்தப்பட்டது. இன்றைக்கு எந்த ஸ்கேன் சென்டருக்குப் போனாலும் பாலினம் சொல்லப்படாது என்று ஒரு பலகை தொங்குகிறதே, அதன் பின்னால் இவ்வளவு பேர் இருக்கிறார்கள்.

சரி, கொள்கை அளவில் விஷயம் இதுதான். குழந்தையே வேண்டாம் என்று ஒரு பெண் முடிவெடுப்பது அவளுடைய உடம்பையும் வாழ்க்கையையும் பற்றிய முடிவு. குழந்தை வேண்டும், ஆனால் பெண்ணாக இருந்தால் வேண்டாம் என்பது பிறக்கவிருக்கும் எல்லாப் பெண்களுக்கும் ஊர் போடும் விலை. முதலாவதில் அவளுக்குத் துணை நிற்கலாம், இரண்டாவதில் அந்த விலையை எதிர்க்கலாம். இரண்டையும் ஒரே ஆள் செய்ய முடியும்.

இதோடு சேர்ந்து இன்னொரு கேள்வியும் வரும்: கருக்கலைப்பையே முழுசாக எதிர்க்கும் இடதுசாரிகள் உண்டா என்று. உண்டு, முக்கியமாக அமெரிக்காவில். 1979-ல் ஜூலி லோஷ் என்பவர் அணு ஆயுத எதிர்ப்பையும் கருக்கலைப்பு எதிர்ப்பையும் ஒன்றாகக் கட்டி ஓர் இயக்கம் தொடங்கினார். போர், மரண தண்டனை, கருக்கலைப்பு மூன்றும் ஒரே வன்முறை என்பது அவர்கள் வாதம். நாட் ஹென்டாஃப் கடவுள் நம்பிக்கை இல்லாத பத்திரிகையாளர், கருத்துச் சுதந்திரத்துக்காக வாழ்நாள் முழுக்க எழுதியவர், அவரும் இந்தப் பக்கம்தான். கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக அடி வாங்கிய ஃபேனி லூ ஹேமரும் கருக்கலைப்பை எதிர்த்தார். 1961-ல் வேறொரு சிகிச்சைக்குப் போன அவருக்குச் சொல்லாமலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். ஏழைக் கறுப்பினப் பெண்ணின் வயிற்றை அரசும் மருத்துவரும் என்ன செய்வார்கள் என்று தன் உடம்பில் அறிந்தவர். அவர் வந்து சேர்ந்த முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. அவருடைய கோபத்தை மட்டும் என்னால் தள்ள முடியவில்லை. நம் ஊரில் நெருக்கடி நிலைக் காலத்தில் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போய்க் குடும்பக் கட்டுப்பாடு செய்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கோபம் புரியும்.

அப்புறம், நாங்கள் செய்த தப்பு.

அன்றைக்கு என் கையில் இருந்த நோட்டீஸில் கருவறைக்குள் ஒரு குழந்தை கைகூப்பி அழுவது போலப் படம். கீழே சிவப்பு எழுத்தில் ‘அம்மா, என்னைக் கொல்லாதே’. தலைப்பு ‘பெண் கருக்கொலையைத் தடுப்போம்’. சேலம் மாவட்டத்தில் அப்போது ஆறு வயசுக்குள் 1,000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகள்தான், 2001 கணக்கெடுப்புப்படி. தமிழ்நாட்டுச் சராசரியே 942. வேண்டாத பெண் குழந்தையை அரசிடம் ஒப்படைக்கும் தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992-ல் சேலத்தில்தான் தொடங்கினார்கள் என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பதற்றத்தில் எந்தச் சொல் உறைக்கும் என்று மட்டும்தான் யோசித்தோம். கருச்சிதைவு, கருக்கலைப்பு, கருக்கொலை. மூன்றும் பக்கத்துப் பக்கத்துச் சொற்கள். மூன்றாவதைக் கையில் எடுத்தவுடன் இரண்டாவதையும் கொலையாக்கிவிட்டோம் என்று உறைக்கவில்லை. இன்னொன்று, படத்தில் குழந்தை கும்பிடுவது அம்மாவை. அப்பாவை இல்லை, மாமியாரை இல்லை, ஸ்கேன் மெஷின் வைத்திருந்தவரை இல்லை. பெண்ணைத் தொட வேண்டாம் என்று பம்பாய்க்காரர்கள் அவ்வளவு கவனமாக விலக்கிவைத்ததை நாங்கள் ஒரே படத்தில் அவள் தலையில் ஏற்றிவிட்டோம்.

அது எங்கே போய் நின்றது என்று சில வருஷம் கழித்துப் பார்த்தேன். எங்களுக்குத் தெரிந்த ஒரு பெண், பூ கட்டி விற்பவர். இரண்டும் பெண் குழந்தைகள். கணவர் குடிப்பவர். மூன்றாவது நின்றுவிட்டது, பதினாலாவது வாரம்தான் தைரியம் வந்து சொன்னார். கருத்தடை பலிக்காமல் போனால் கலைத்துக்கொள்ள மணமான பெண்ணுக்கு அப்போதைய சட்டத்திலேயே இடம் உண்டு. பன்னிரண்டு வாரத்துக்கு மேல் என்றால் இரண்டு மருத்துவர்கள் ஒப்புதல் தர வேண்டும், அவ்வளவுதான். ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். பதிவேட்டை வைத்துக்கொண்டிருந்த நர்ஸ் நிமிராமலே கேட்டார்: “ஏற்கெனவே எத்தனை?”

“ரெண்டு.”

“ரெண்டும்?”

“பொண்ணுங்க.”

பேனாவை மூடி வைத்துவிட்டார். “ஸ்கேன் பார்த்துட்டு வந்து நிக்கறியா? எங்களை ஜெயிலுக்கு அனுப்பலாம்னு பாக்கறியா?” அந்தப் பெண் அதுவரை எந்த ஸ்கேனும் எடுத்ததில்லை. நான் சட்டம் பேசினேன். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, முடியாது என்றார்கள். அந்த நர்ஸ் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு மேலே சுவரில் கைகூப்பிய குழந்தை. எங்கள் நோட்டீஸ். கீழே எங்கள் அமைப்பின் பெயர்.

அடுத்த வாரம் அந்தப் பெண் எங்களிடம் சொல்லாமல் யாரிடமோ கலைக்கப் போனார். ரத்தப்போக்கு நிற்காமல் நள்ளிரவில் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனோம். ஆட்டோ சீட்டின் ரெக்ஸின் மேல் ரத்தம் நிற்காமல் வழிந்து என் செருப்பு வரை வந்தது. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றிப் பிழைத்தார். மூத்த பெண் குழந்தைக்கு அப்போது ஏழு வயசு, தங்கச்சியை மடியில் வைத்துக்கொண்டு விடியும் வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தது.

அதற்குப் பிறகுதான் எங்கள் கமிட்டியில் சொல்லை மாற்ற வேண்டும் என்று பேசினேன். நாட்டின் பல இடங்களிலும் பெண்கள் அமைப்புகள் அதற்குள் அதையே பேசத் தொடங்கியிருந்தன. கருக்கொலை வேண்டாம், ‘பாலினத் தேர்வு’ என்று சொல்லுங்கள், கருவின் படம் போடாதீர்கள் என்று. மூத்த தோழர் ஒருவருக்கு மனசே இல்லை. “கொலைன்னு போடாம எப்படித் தோழர் உறைக்கும்?” என்றார். இரண்டு மணி நேரம் பேசினோம். கடைசியில் புது நோட்டீஸில் இரண்டே செய்திதான் வைத்தோம்: ஆணா பெண்ணா என்று பார்ப்பதும் பார்த்துச் சொல்வதும் சட்டப்படி குற்றம். கருக்கலைப்பு செய்துகொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு. இரண்டையும் ஒரே தாளில் போட எங்களுக்கு அத்தனை வருஷம் பிடித்திருக்கிறது.

இன்னும் எனக்கு நெருடும் இடம் ஒன்று உண்டு. கணவர் வற்புறுத்தாமல், மாமியார் வாயே திறக்காமல், ஒரு பெண் தானாகவே பெண் வேண்டாம் என்றால்? அதை அவள் விருப்பம் என்பதா? பெண் பெற்றதற்காகப் பத்து வருஷம் பேச்சு வாங்கியவள், தன் வாழ்க்கையை இன்னொருத்திக்குக் கொடுக்க மாட்டேன் என்று சொல்வதை நான் நேரில் கேட்டிருக்கிறேன். அவளைக் குற்றவாளி என்று என்னால் சொல்ல முடியாது. அவளுக்கு ஸ்கேன் பார்த்துச் சொல்லிக் காசு வாங்கியவரை விடவும் மாட்டேன். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வேலை முழுக்க அந்தத் தறிக்கார அம்மாவின் இரண்டாவது கேள்வியில் இருக்கிறது: முப்பது பவுன், சொத்தில் பங்கு, கொள்ளி வைக்க ஆள், வயசான காலத்தில் யார் வீட்டில் சோறு. நானும் என் தோழர்களும் ஸ்கேன் சென்டர் வாசலில் நின்ற நேரத்தில் பாதியையாவது இதற்குச் செலவழித்திருக்க வேண்டும் என்று மனசார நினைக்கிறேன்.

இதைப் படிப்பவர்களில் யாருக்காவது பயன்படும் என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகு, சட்டம் சொல்லும் காரணங்களுக்காக 20 வாரம் வரை கலைக்க ஒரு மருத்துவரின் ஒப்புதல் போதும். வன்கொடுமைக்கு ஆளானவர்கள், சிறுமிகள் போன்ற சில நிலைமைகளில் இரண்டு மருத்துவர்களின் ஒப்புதலோடு 24 வாரம் வரை செய்யலாம். மணமாகாதவர்களுக்கும் இது பொருந்தும் என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 18 வயசு நிரம்பிய பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டும் போதும், கணவர் கையெழுத்து தேவையில்லை. ஏற்கெனவே இருக்கும் குழந்தைகள் ஆணா பெண்ணா என்பதைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்ப எந்தச் சட்டத்திலும் இடம் கிடையாது. திருப்பி அனுப்பினால் அங்கேயே நின்று, மறுப்பதற்கான காரணத்தை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். கூட ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.