முதல் பாட்டு அல்ல, நாலாவது

கேள்வி: பிரிட்டிஷ் பாப் இரட்டையர் பெட் ஷாப் பாய்ஸ் முதல் சிங்கிளிலேயே (தனிப்பாட்டு வெளியீட்டிலேயே) பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தார்கள். நானும் நண்பனும் லேப்டாப்பில் எலக்ட்ரானிக் பாப் செய்கிறோம். முதல் பாட்டை வெளியிட்டு மூன்று வாரம் ஆகிறது, சீந்துவார் இல்லை. இதெல்லாம் அதிர்ஷ்டம்தானே? (ஒரு வாசகர், திருப்பூர்)

பதில்: முதலில் கணக்கைத் திருத்திக்கொள்வோம். நீங்கள் சொல்லும் 'வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்' அவர்களுடைய முதல் சிங்கிள் என்பது உண்மைதான். ஆனால் அது வெளியானது 1984 ஏப்ரலில். அப்போது பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதல் நூறுக்குள்கூட வரவில்லை. அடுத்து 'ஒன் மோர் சான்ஸ்', அதுவும் எடுபடவில்லை. மூன்றாவதாக, அவர்களுக்குப் புதிய ரெக்கார்டு கம்பெனியான பார்லோஃபோனில் 1985 ஜூலையில் 'ஆப்பர்ச்சூனிட்டீஸ்' வந்து 116-ம் இடத்தில் நின்றது. நாலாவது வெளியீடாக, பழைய முதல் பாட்டையே புதிதாகப் பதிவுசெய்து 1985 அக்டோபர் இறுதியில் கொண்டுவந்தார்கள். நீங்கள் கேட்டிருப்பது அதைத்தான். மூன்று முறை விழுந்தவர்களை முதல் அடியிலேயே சிக்ஸர் அடித்தவர்களாக நினைத்துக்கொண்டு உங்களை நீங்களே நொந்துகொள்கிறீர்கள்.

இது அதிர்ஷ்டமாக இருந்தால் இரண்டு பதிவுகளும் ஒன்றுபோல் ஒலிக்க வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். மெட்டு அதே, சொற்களும் பெரும்பாலும் அவையே. ஆனால் பதிவைத் தயாரித்த ஆள் வேறு, வேகம் வேறு.

முதல் பதிவைச் செய்தவர் நியூயார்க்கின் பாபி ஆர்லாண்டோ. டிவைன், தி ஃப்ளர்ட்ஸ் ஆகிய பாடகர்களுக்கு டிஸ்கோவை விரட்டி விரட்டிச் செய்து தந்தவர். பெட் ஷாப் பாய்ஸின் நீல் டெனன்ட் (பாடகர்), கிறிஸ் லோவ் (கீபோர்டு) இருவருமே அவருடைய தீவிர ரசிகர்கள். டெனன்ட் அப்போது 'ஸ்மாஷ் ஹிட்ஸ்' பத்திரிகையின் உதவி ஆசிரியர் (எங்கள் தொழில்காரர் என்பதில் எனக்கு ஓர் அற்பப் பெருமை). 1983-ல் 'தி போலீஸ்' இசைக்குழுவைப் பற்றி எழுத நியூயார்க் போன இடத்தில் ஆர்லாண்டோவைப் பிடித்துவிட்டார். அவர் தந்தது நடனக்கூடத்துக்கான அடி: டிரம் மெஷின் முன்னால், குரல் அதன் பின்னால் ஓடிவரும். அமெரிக்கக் கிளப்களில் அது ஓடவும் செய்தது. ஆனால் கிளப்பில் ஆடுகிறவர் வரிகளைக் கேட்பதில்லை. இந்தப் பாட்டோ வரிகளை நம்பி நிற்பது. லண்டனின் மேற்கில் நாடகக் கொட்டகைகளும் பகட்டும், கிழக்கில் துறைமுக உழைப்பாளிகள். அந்த இரண்டு ஊரும் ஒரே இரவில் உரசிக்கொள்வதைப் பாதி பேச்சாகச் சொல்கிறது.

இரண்டாவது பதிவைச் செய்த ஸ்டீஃபன் ஹேக் முதலில் வேகத்தைத்தான் குறைத்தார். வெளிவந்த பதிவு நிமிடத்துக்கு ஏறத்தாழ 113 அடி. ஒப்பிட்டுப் பார்க்க 120 அடி வேகத்தை வைத்துக்கொண்டால், அதில் நாலு அடிக்கு 2 விநாடி, 113-ல் 2.12 விநாடி. இவ்வளவுதானா என்பீர்கள். அந்த எட்டில் ஒரு பங்கு விநாடியில்தான் டெனன்ட் ஒரு மெய்யெழுத்தை முழுசாக முடித்து, அலட்சியமாக மூச்சுவிட்டு, அடுத்த வரியைத் தொடங்குகிறார். அமெரிக்க ரேப்பைக் காப்பியடிக்காமல் தன் சொந்த ஆங்கில உச்சரிப்பிலேயே அவரால் பேச முடிவதும் அந்த இடைவெளியால்தான்.

தொடக்கத்தை ஹெட்போனில் கேட்டுப்பாருங்கள். தாளம் தொடங்குவதற்கு முன்னால் தெரு கேட்கும்: வண்டிகளின் இரைச்சல், குதிகால் செருப்புச் சத்தம். கையடக்க ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிப் பிடித்தது அது. பிறகு மெதுவாக விரியும் கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்), அதன்பின்தான் பேஸ் லைன். நடுவில் டிரம்பெட் போல வருவது பதிவுசெய்த ஒலிகளை வாசிக்கும் சாம்ப்ளர் கீபோர்டின் வேலை. பிற்பகுதியில் ஹெலினா ஸ்பிரிங்ஸ் என்ற பாடகியின் குரல் சேர்ந்ததும் டெனன்ட்டின் வறண்ட குரலுக்கு ஒரு சதை கிடைக்கிறது. சொற்களிலும் கத்தி வைத்தார்கள். முதல் பதிவில் ஸ்டாலின் பெயரை எதுகைக்காக இழுத்துவந்த ஓர் இடம் உண்டு. சிரிப்பு மூட்டும், ஆனால் மனநிலையைக் கெடுக்கும். அது போயிற்று. லெனினின் ரயில் பயணத்தை நினைவூட்டும் வரி தங்கிற்று. சரியான வெட்டு.

உங்கள் பாட்டுக்கு வருகிறேன். வேகத்தைக் குறைக்க நினைத்தால் முடிந்த மிக்ஸை அப்படியே இழுத்து நீட்டாதீர்கள். டிரம்மின் முனை மழுங்கும், குரல் ரப்பராகும். ப்ராஜெக்டைத் திறந்து டெம்போவை மாற்றி, மிடி பகுதிகளை (ஒலியாக இல்லாமல் சுரக் குறிப்பாகச் சேமித்தவற்றை) புதிதாக ஓடவிட்டு, குரலைக் கட்டாயம் மறுபடி பாடிப் பதியுங்கள். எதிரொலி நேரத்தைக் கையால் வைத்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். 60,000-ஐ டெம்போவால் வகுத்தால் ஓர் அடிக்கான மில்லிசெகண்ட் வரும்: 120-க்கு 500, 113-க்கு 531. பழைய 500-லேயே விட்டால் எதிரொலி தாளத்துக்கு முந்திக்கொண்டு தடுக்கும். காரணம் தெரியாமல் டிரம்மைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்து பட்டியல். அன்றைய பிரிட்டிஷ் பட்டியல் கேலப் நிறுவனம் ரெக்கார்டு கடைகளில் திரட்டிய விற்பனைக் கணக்கு. ரேடியோவில் எத்தனை முறை ஒலித்தாலும் அது எண்ணிக்கையில் சேராது. 7 அங்குலத் தட்டும் ரீமிக்ஸ் அடங்கிய 12 அங்குலத் தட்டும் ஒரே கணக்கில் விழும். இரண்டையும் வாங்குகிற ரசிகர் இரண்டு விற்பனை. பாட்டு நவம்பரில் 80-ல் நுழைந்தது. நாற்பதுக்குள் வந்துவிட்டால் ஞாயிறு மாலை ரேடியோ 1 வரிசையில் இடம். ஏறுமுகத்தில் இருந்தால் வியாழன் இரவு 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' அழைக்கும். அங்கே டெனன்ட் நீளக் கோட்டில் நின்று பாட, லோவ் பின்னால் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் கீபோர்டைத் தொட்டுக்கொண்டிருந்தார். மற்றவர்கள் எல்லாரும் துள்ளிக்கொண்டிருந்த மேடையில் அந்த அசையாமைதான் கண்ணில் நின்றது.

கிறிஸ்துமஸுக்கு முதலிடத்தில் இருந்தது ஷேக்கிங் ஸ்டீவன்ஸின் பண்டிகைப் பாட்டு. பண்டிகை முடிந்ததும் அதை யார் வாங்குவார்கள்? ஜனவரியில் காலியான அந்த நாற்காலியில் 'வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்' இரண்டு வாரம் உட்கார்ந்தது. அதிர்ஷ்டம் என்று சொல்லத்தான் வேண்டுமென்றால் இந்த ஓர் இடத்தில் சொல்லிக்கொள்ளுங்கள். அதுவும், ஏற்கெனவே படியேறி வாசலில் நின்றவர்களுக்குக் கிடைத்தது. அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியல் அப்போது விற்பனையோடு ரேடியோ ஒலிபரப்பையும் சேர்த்து எண்ணியது. அங்கே முதலிடம் 1986 மே 10 தேதியிட்ட பட்டியலில், ஒரே ஒரு வாரம். அடுத்த வாரம் விட்னி ஹியூஸ்டன் வந்துவிட்டார். பிரிட்டனில் இவர்களுடைய அடுத்த சிங்கிள் 'லவ் கம்ஸ் குயிக்லி' 19-ம் இடத்துடன் நின்றது.

யாரும் பேசாத ஒரு காகிதமும் இதில் உண்டு. ஆர்லாண்டோவின் ஒப்பந்தத்திலிருந்து வெளியேற எதிர்கால ராயல்டியில் அவருக்குப் பங்கு கொடுக்க ஒத்துக்கொண்ட பிறகே 1985 மார்ச்சில் விடுதலை. அது நடக்காவிட்டால் இரண்டாவது பதிவே கிடையாது. நீங்கள் யாரிடமாவது கையெழுத்துப் போட்டிருந்தால், அதே பாட்டை மறுபதிவு செய்ய எத்தனை வருடம் தடை என்ற வரியைத் தேடிப் படியுங்கள். பாட்டில் உங்கள் இருவருக்கும் எத்தனை சதவீதம் என்பதை இன்றைக்கே எழுதிவையுங்கள். பணம் வந்த பிறகு எழுதினால் அது சண்டை.

மறுபதிவு செய்தால் புதிய ஐஎஸ்ஆர்சி எண் (ஒவ்வொரு பதிவுக்கும் உரிய அடையாள எண்) வாங்குங்கள். பழைய எண்ணிலேயே ஏற்றினால் இரண்டு பதிவுகளின் கணக்கும் குழம்பும். ஸ்பாட்டிஃபையில் வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்பே ஆர்ட்டிஸ்ட் கணக்கு வழியாகப் பாட்டைப் பரிந்துரைத்தால்தான் உங்களைப் பின்தொடர்கிறவர்களின் 'ரிலீஸ் ரேடார்' பட்டியலில் அது உறுதியாகப் போய்ச் சேரும். வெள்ளிக்கிழமை வெளியீட்டுக்கு வியாழன் இரவு ஏற்றுவது, விருந்து முடிந்த பிறகு பத்திரிகை வைப்பது மாதிரி. ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 முறை கேட்கப்படாவிட்டால் அங்கே பதிவுக்கான ராயல்டி கிடையாது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

மூன்று வாரம் என்கிறீர்கள். ஹேக் செய்த பதிவே வெளியானபின் மூன்று வாரத்தில் எண்பதாம் இடத்தில்தான் இருந்தது.