வைஸின் தாடை கோணுவது பற்றி

வணக்கம். கடலூர் முதுநகரில் வேப்பம்பலகையால் தச்சு மேசை செய்திருப்பதாகவும், அதில் பொருத்திய வைஸின் (மரத்தை இரு தாடைகளுக்கு நடுவே இறுக்கிப் பிடிக்கும் கருவி) ஓர் ஓரத்தில் சட்டத்தைச் செருகி முறுக்கினால் தாடை கோணிக்கொண்டு பிடி நழுவுவதாகவும், வேறு வைஸ் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வாங்க வேண்டாம். திருகு நடுவில் இருப்பதால், ஒரு பக்கம் மட்டும் மரம் இருக்கும்போது வெற்றாக உள்ள மறுபக்கம் உள்ளே சாய்கிறது. சட்டத்தின் அதே கனமுள்ள துண்டுக் கட்டையொன்றை அந்த வெற்றுப் பக்கத்தில் வைத்து முறுக்கினால் தாடை நேராக நின்று பிடி இறுகும்.

ஆனால் உங்கள் படத்தில் உள்தாடை, அதாவது மேசையோடு பொருத்திய அசையாத தாடை, மேசை விளிம்பைவிட வெளியே துருத்தி நிற்பதுதான் எனக்குக் கவலையளிக்கிறது. என் மேசையிலும் கால் அங்குலம் அப்படி நின்றதால், நீளமான கதவுச் சட்டத்தை இழைக்கும்போது அதன் மறுமுனை விளிம்பில் படியாமல் அதிர்ந்து, இழைப்புளி திட்டுத் திட்டாகக் கடித்தது. விளிம்பைக் கொத்தித் தாடையை உள்ளே இறக்கி, அதன்மேல் மரப்பட்டை பொருத்தி, பட்டையின் முகம் விளிம்போடு ஒரே மட்டமாக வரும்வரை இழைத்துவிடுங்கள். பலகையின் மேல்முகத்தை இழைக்க இரண்டாவது வைஸ் தேவையில்லை, மேசைமேல் ஒரு தடுப்புக் கட்டை போதும்.

உப்புக்காற்றில் வைஸின் கம்பிகள் சீக்கிரம் துருப்பிடிக்கும். கிரீஸ் மரத்தூளை அப்பிக்கொள்ளும் என்பதால், துடைத்துவிட்டு மெழுகு தேய்ப்பதே நல்லது.