ஸ்மாட் லைற் போட்டால் கரண்ட் பில் குறையுமா?

கேள்வி: மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கிறோம். மாதம் 195 அலகு ஓடுகிறது. வீட்டில் 9 வாட் எல்.ஈ.டி. மின்குமிழ் 6, பழைய சோக் வைத்த 40 வாட் ரியூப் லைற் 4. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, போனில் இயக்கக்கூடிய 10 ஸ்மாட் மின்குமிழும் 5 ஸ்மாட் சுவிட்சும் போட 78,000 ரூபா கேட்கிறார்கள். கிரெடிட் கார்ட்டில் 12 மாதத் தவணை, மாதம் 6,500. பில் நன்றாகக் குறையும் என்கிறார்கள். அடிக்கடி கொழும்பு போவதால் வீடு பூட்டிக் கிடக்கும். அம்மாவுக்கு இரவில் எழும்பி நடக்க வெளிச்சமும் வேண்டும். எடுக்கலாமா?

பதில்: முழுத் தொகுதியையும் எடுக்க வேண்டாம். பில் குறையும் என்று அவர்கள் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்தக் குறைவு ரியூப்பைக் கழற்றுவதால் வருவது, அதற்கு ஸ்மாட் தேவையில்லை.

கணக்கைப் பாருங்கள். 40 வாட் ரியூப் சோக்கோடு சேர்த்து 50 வாட் அளவில் இழுக்கும். நான்கும் தினம் 5 மணித்தியாலம் எரிந்தால் மாதம் 30 அலகு. உங்கள் ஆறு எல்.ஈ.டி.யும் அதே நேரம் எரிந்து எடுப்பது 8 அலகுதான். ரியூப் நான்கையும் 18 வாட் எல்.ஈ.டி. ரியூப்பாக மாற்றினால் 30 அலகு 11 ஆகிவிடும். 195 அலகு 176க்கு வரும். மின்சார சபையின் வீட்டுக் கட்டணத்தில் 180 ஒரு படி. அதைத் தாண்டினால் மேலதிக அலகுக்கு உச்சக் கட்டணம், நிலையான கட்டணமும் கூடும். நீங்கள் அந்தப் படிக்குக் கொஞ்சம் மேலேதான் நிற்கிறீர்கள், ஆகவே இந்த 19 அலகு உங்களுக்குப் பெரிய விஷயம். ரியூப் ஒன்று 1,500 ரூபா, அலகு 40 ரூபா என்று வைத்தால், போட்ட 6,000 எட்டு மாதத்தில் திரும்பிவிடும். உங்கள் பில்லில் உள்ள விலையைப் போட்டு நீங்களே ஒருக்கால் பாருங்கள்.

இனி ஸ்மாட் பக்கம். அணைத்து வைத்தாலும் ஸ்மாட் மின்குமிழ் வைஃபையைக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒன்றுக்கு 0.4 வாட் என்றால், பத்தும் அணைந்திருக்கும் நேரத்தில் மாதம் 2.3 அலகு தின்னும். பத்தும் 9 வாட் என்று வைத்து, நேரம் பார்த்துத் தானாக அணைவதால் தினம் ஒரு மணித்தியாலம் மிச்சமானால் மாதம் கிடைப்பது 2.7 அலகு. இரண்டையும் கழித்தால் கையில் ஒன்றுமில்லை. அதோடு, ரியூப் இருந்த இடத்தில் போடும் 9 வாட் மின்குமிழின் வெளிச்சம் 40 வாட் ரியூப்பில் பாதிகூட வராது. ஹோலில் இருந்து பிள்ளைகள் படிக்கும்போதுதான் அது தெரியும்.

அந்த விலைக்குள் வராத செலவும் ஒன்று இருக்கிறது. வயர்மேனைக் கூப்பிட்டு ஒரு சுவிட்ச் பெட்டியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் வரும் லைன் வயரும் லைற்றுக்குப் போகும் வயரும் மட்டும்தான் அங்கே இருக்கும், மின்னோட்டம் திரும்பிப் போகும் நியூட்ரல் வயர் நேரே கூரைக்குப் போயிருக்கும். ஸ்மாட் சுவிட்ச் பெரும்பாலானவற்றுக்கு நியூட்ரல் வேண்டும். புதிதாக இழுக்கச் சுவர் வெட்ட வேண்டும், பூச வேண்டும், பெயின்ற் அடிக்க வேண்டும். நியூட்ரல் இல்லாமல் ஓடும் வகை, மின்குமிழ் வழியாகவே சிறு மின்னோட்டத்தை விடும். அதனால் அணைத்த பிறகும் எல்.ஈ.டி. மங்கலாக மினுங்கும், அதை நிறுத்தக் கப்பாசிற்றர் என்ற சிறு உறுப்பைப் போட வேண்டிவரும். ஸ்மாட் மின்குமிழ் எடுத்தாலும் தொல்லை உண்டு: யாராவது பழக்கத்தில் சுவர் சுவிட்சை அணைத்தால், போனில் எத்தனை தரம் தட்டினாலும் அது எரியாது.

உங்கள் தேவைகள் இரண்டும் நியாயமானவை, மலிவாகவே தீரும். அம்மாவின் அறையிலிருந்து குளியலறைக்குப் போகும் வழியில் ஆள் நடந்தால் எரியும் சென்சர் மின்குமிழ் ஒன்று போதும். வைஃபை வேண்டாம், ரவுட்டர் நின்றாலும் வேலை செய்யும். பூட்டிய வீட்டுக்கு மட்டும் ஹோலில் ஒரேயொரு ஸ்மாட் மின்குமிழ் வாங்குங்கள். ஹோல்டர் பின் வகையா திருகு வகையா என்று முதலில் பாருங்கள். அது 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையில்தான் சேரும், போனை 5 கிகாஹேர்ட்ஸில் வைத்து மல்லுக்கட்டாதீர்கள். கரண்ட் போய் வந்தால் தானாக முழு வெளிச்சத்தில் எரியும் வகைகள் உண்டு. செயலியில் 'முன்பிருந்த நிலை' என்று மாற்றிவிடுங்கள். கேற்றுக்குப் போடுவதானால் ஐ.பி. 65 (தூசியும் தண்ணியும் புகாத தரம்) எழுதியதாக, பிளாஸ்ரிக் உடல் உள்ளதாக வாங்குங்கள். கல்லடிக் கடல்காற்று இரும்புத் திருகை விட்டுவைக்காது.

தவணையைப் பற்றி ஒரு வார்த்தை. வட்டியில்லை என்றாலும் ஆரம்பக் கட்டணம் உண்டா, ரொக்கத்துக்கு விலை குறையுமா என்று கேளுங்கள். எட்டாயிரம் பத்தாயிரத்தில் முடியும் வேலைக்கு ஒரு வருடம் கார்ட்டைக் கட்டிப்போடக் கூடாது. கையில் இன்னும் காசு இருந்தால் காற்றாடியைப் பாருங்கள். 70 வாட் சீலிங் ஃபேன் தினம் 10 மணித்தியாலம் சுற்றினால் மாதம் 21 அலகு, கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டர் உள்ள 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் 9 அலகு. விலை கூடியது, ஆகவே பழையது பழுதாகும்போது மாற்றினால் போதும்.

ரியூப் மாற்றும்போது எல்.ஈ.டி. ரியூப்பைப் பழைய பிற்றிங்கில் செருகிவிட வேண்டாம். ஸ்ரார்ட்டரைக் கழற்றி, சோக்கைத் தாண்டி வயர் கொடுக்க வேண்டிய வகைகள் உண்டு, பிழையாகக் கொடுத்தால் ஷோட் ஆகும். பிற்றிங்கோடு வருவதை வாங்கினால் இந்தச் சிக்கல் இல்லை. மாற்றும் நாளில் மீற்றர் எண்ணைக் குறித்து, ஏழாம் நாள் அதே நேரத்தில் திரும்பப் பாருங்கள். இப்போது வாரத்துக்கு 45 அலகு ஓடும் வீட்டில் அது 41 அளவில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பிரிட்ஜின் கதவு ரப்பரையும் தண்ணி மோட்டரையும் பார்க்கச் சொல்லுங்கள்.